கடலில் வழி யாருக்கு?

கல்லூரியிற் பிரயோக கணிதம் பயின்றோர் எவரும் அவ்விரு கப்பல்களை மறந்திரார். ஒன்று வடக்கு நோக்கிச் செல்லும். மற்றது மேற்கு நோக்கிச் செல்லும். இரண்டின் வேகமும் தரப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று அணுகும் மிகக் குறுகிய தூரத்தைக் காண்க என்பது வினா. யாமும் ஒரு கப்பலை அசையாது நிறுத்தி, அதன் வேகத்தைப் புறந்திருப்பி மற்றதன்மேல் ஏற்றி, முக்கோணம் வரைந்து, செங்குத்து இறக்கி விடை காண்போம். சிற்சில வேளைகளில் விடை பூச்சியமாக வரும். ஆசிரியரும் சரியென்று கோடிட்டு முழுப் புள்ளியும் வழங்குவார். பூச்சியம் என்றால் இரு கப்பல்களும் மோதின என்பதோ, அவற்றில் மனிதர் இருந்திருப்பர் என்பதோ அக்காலத்தில் எமக்குத் தோன்றியதேயில்லை. கணக்கிலுள்ள கப்பல்களுக்கு மாலுமி இல்லை. கண்ட இடத்தில் விலகிச் செல்ல அவற்றுக்குச் சுக்கானும் இல்லை.

அக்கணக்கின் உண்மைப் பொருளை யாம் கரும்பலகையிற் கற்றோமல்லோம். விடுதி மாணவராயிருந்த காலத்தில், ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவுக்குப் போய், பொழுது சாய்ந்த பின் இயந்திரப் படகொன்றிற் குறிகட்டுவான் துறைக்கு மீண்டுகொண்டிருந்தோம். துறையை அணுகுமளவில், நெடுந்தீவுப் பக்கமிருந்து மற்றொரு படகு எமது வலப்புறமாக வந்தது. இரண்டும் ஒரே துறையை நாடின. எமது படகோட்டி “அவன் விலகட்டும்” என்றார். அவரும் அவ்வாறே கருதினார் போலும். அப்படகும் நேரே வந்தது. இறுதிக் கணத்தில் எமது படகு இடப்புறம் திரும்பவே, இரு படகுகளும் பக்கத்தோடு பக்கம் உராய்ந்தன. எவரும் கடலில் வீழவில்லை. ஆனால் எம்மோடு வந்த தோழர் ஒருவர் படகின் விளிம்பைப் பற்றியிருந்தார். அவரது வலக்கையின் இரு விரல்கள் அன்று போயின. அவர் இன்றும் பழைய மாணவர் கூட்டங்களுக்குத் தவறாது வருகிறார். பெயரைச் சொன்னால் விரும்பமாட்டார்.

அன்று வழி யாருக்கு உரியது? பிழை எவருடையது? கரையேறியதும் இரு படகோட்டிகளும் இதையிட்டு நெடுநேரம் வாதிட்டனர். யாமும் எமது படகோட்டியின் பக்கம் நின்று உரத்துப் பேசினோம். இவ்வினாவுக்கு விடை முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பதைப் பல்லாண்டுகளின் பின்னரே அறிந்தோம். அவ்விடையை எமது மாணவர் வேளையோடு அறிவது நன்றென எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாய்க்கப்பல்கள் மட்டும் ஓடிய காலத்தில் காற்றே பெரும்பாலும் ஒழுங்கு வகுத்தது. எத்திசையினும் விரும்பியவாறு செல்லவல்ல நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னரே எழுத்திலமைந்த விதிகள் இன்றியமையாதனவாயின. எதிரெதிரே வரும் நீராவிக் கப்பல்கள் ஒன்றையொன்று தத்தம் இடப்புறமாக விட்டுச் செல்க என்ற விதி 1840இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டு, 1846இற் சட்டமாயிற்று. 1863இல் இங்கிலாந்தும் பிரான்சும் கூடி ஒரு விதித்தொகுதியை ஏற்றன. அடுத்த ஆண்டு முடிவதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதனைத் தழுவின. 1889இல் வாஷிங்டனிற் கூடிய மாநாடும், பின்னர் 1910, 1948, 1960 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களும் அதனைச் செப்பஞ்செய்தன. இன்று நிலவுவது 1972இல் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதித்தொகுதி. அதில் முதலில் 38 விதிகள் இருந்தன. பிற்காலத்தில் மூன்று சேர்ந்து 41 ஆயின.

இவ்விதிகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கண்டு வியப்பர். “வழியுரிமை” என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல் அவற்றில் இல்லை. “இக்கலம் ஒதுங்குக” என்றும், “அக்கலம் தன் செல்நெறியையும் வேகத்தையும் மாற்றாது செல்க” என்றுமே கூறப்பட்டுள்ளது. இரண்டும் கட்டளைகளே. ஒன்றுக்கு ஒதுங்கும் கடமை. மற்றதற்கு மாறாதிருக்கும் கடமை. ஒருவன் ஒதுங்குமிடத்து மற்றவனும் அப்பக்கமே ஒதுங்கிவிட்டால் யாது நிகழும் என்பதை ஒடுங்கிய ஒழுங்கையில் எதிர்ப்பட்ட இருவரிடம் கேட்டறியலாம். ஒழுங்கையில் அது நகைப்புக்கிடமாகும், கடலில் அவ்வாறன்று.

எவர் ஒதுங்குவது என்பதற்கு முன்னே மற்றொரு வினாவுண்டு: மோதும் அபாயம் உளதா? இதனை அறியும் வழி அப்பழைய கணக்கிலேயே அடங்கியுள்ளது. எமது கலம் மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் வடக்கே செல்கிறது எனக் கொள்வோம். பாதைகள் வெட்டும் புள்ளி 4 கடல் மைல் முன்னேயுள்ளது. அப்புள்ளிக்குக் கிழக்கே 3 கடல் மைலில் மற்றொரு கலம் மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் மேற்கே வருகிறது. இப்பொழுது அது எமக்கு 5 கடல் மைல் தூரத்தில், அணியத்துக்கு வலப்புறம் ஏறக்குறைய 37 பாகையில் தெரியும். கால் மணி நேரம் கழிகிறது. நாம் புள்ளிக்கு 2 மைல் தூரத்தில் நிற்கிறோம். அது ஒன்றரை மைல் தூரத்தில் நிற்கிறது. இடைத்தூரம் இரண்டரை மைலாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அது தெரியும் கோணமோ அதே 37 பாகை! அடுத்த கால் மணியில் இரண்டும் ஒரே புள்ளியில் இருக்கும்.

திசைக்கோணம் மாறாது தூரம் மட்டும் குறையுமாயின் மோதல் நிச்சயம். மற்றக் கலத்தின் வேகம் 7 மைலாக இருந்திருப்பின், கால் மணியின் பின் அது 32 பாகையிலே தெரிந்திருக்கும். கோணம் அணியத்தை நோக்கிக் குறைவதால் அது எமக்கு முன்னாற் கடந்துவிடும் என்று அறியலாம். பெருங்கப்பல்களில் இதனைத் திசையறி கருவியால் அளப்பர். சிறு படகில் கருவி வேண்டியதில்லை. ஓரிடத்தில் அசையாதிருந்து, தம் படகின் தூணொன்றுக்கு நேரே மற்றப் படகைப் பிடித்துப் பார்த்தாற் போதும். தம் படகு நேரே செல்லும்போது மற்றது அத்தூணைவிட்டு முன்னோ பின்னோ நகருமாயின் பெரும்பாலும் அச்சமில்லை. தூணோடு ஒட்டியபடியே பருத்துக்கொண்டு வருமாயின் காலந்தாழ்த்தலாகாது. மிகப் பெரிய கப்பலுக்கு அருகிலும், ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் கலங்களுக்கு அருகிலும் கோணம் மாறினாலும் அபாயம் உண்டு. அவற்றின் நீளமே காரணம். ஐயம் எழுந்தால் அபாயம் உண்டென்றே கொள்க என்று விதியும் கூறுகிறது. ஐயத்தின் பயனைக் குற்றவாளிக்கு அளிக்கும் நீதிமன்ற வழக்கு கடலிற் செல்லாது.

இனி ஒதுங்கும் முறைக்கு வருவோம். இயந்திரத்தாற் செல்லும் இரு கலங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்பி, ஒன்றையொன்று இடப்புறமாக விட்டுச் செல்லவேண்டும். பாதைகள் குறுக்கே வெட்டுமாயின், எக்கலம் மற்றதைத் தன் வலப்புறத்திற் காண்கிறதோ அக்கலமே ஒதுங்கவேண்டும். இயன்றவரை மற்றதன் முன்னாற் குறுக்கிடாது, பின்னாற் போகவேண்டும். பின்னிருந்து முந்துகின்ற கலம், அது எவ்வகையினதாயினும், முந்தப்படும் கலத்துக்கு ஒதுங்கியே செல்லவேண்டும். முற்றாகக் கடந்து தெளிந்த பின்னரே அதன் கடமை தீரும்.

இரவில் இவ்வொழுங்கை விளக்குகள் உணர்த்துகின்றன. கலத்தின் இடப்பக்கத்திற் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்திற் பச்சை விளக்கும், நேர்முன்னிருந்து தொடங்கி ஒவ்வொன்றும் 112½ பாகைக்குத் தெரியும். எஞ்சிய 135 பாகைக்குப் பின்புறத்து வெள்ளை விளக்குத் தெரியும். எமது உதாரணத்தில் மேற்கே செல்லும் கலத்தின் இடப்பக்கமே எமக்குத் தெரிவதால் நாம் காண்பது சிவப்பு. அவர்கள் எம்மிடம் காண்பது பச்சை. சிவப்பைத் தன் வலப்புறத்திற் கண்டவன் ஒதுங்குகிறான். பச்சையை இடப்புறத்திற் கண்டவன் மாறாது செல்கிறான். எத்துணை எளிய ஏற்பாடு! இரண்டும் ஒருங்கே தெரிந்தால் அக்கலம் நேரே எம்மை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தாலோ, நாம் ஒன்றைப் பின்னிருந்து அணுகுகிறோம் என எண்ணலாம். அது நங்கூரமிட்ட கலமாகவோ சிறு படகாகவோ இருத்தலுங்கூடும்.

வலம், இடம் என்பவற்றுக்கு ஆங்கில மாலுமிகள் தனிச் சொற்கள் வைத்திருப்பதும் காரணம் பற்றியே. முற்காலத்துக் கலங்களிற் சுக்கான் துடுப்பு வலப்பக்கத்திலே தொங்கியது. அதனால் அது சுக்கான் பக்கமாயிற்று. அத்துடுப்பு நசுங்காதிருக்க மற்றப் பக்கத்தைத் துறையோடு அணைத்தனர், அது துறைப்பக்கமாயிற்று. இடப்பக்கத்துக்கு முன்னர் வழங்கிய சொல் வலப்பக்கச் சொல்லோடு ஒலியில் ஒத்திருந்து, புயலிற் செவிக்கு மயக்கந் தந்தமையால் பிரித்தானியக் கடற்படை 1844இல் அதனைக் கைவிட்டது. ஒரு சொல்லின் ஒலியும் உயிரைக் காக்கவோ போக்கவோ வல்லது என்பதைத் தமிழாசிரியர்கள் கவனிப்பாராக.

இயந்திரக் கலம் பாய்க்கலத்துக்கு வழிவிடவேண்டும். இவ்விரண்டும் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு வழிவிடவேண்டும். இயக்கமிழந்து மிதக்கும் கலத்துக்கு இவையனைத்தும் வழிவிடவேண்டும். எளிதிற் திரும்ப வல்லது, திரும்ப மாட்டாததற்கு விலகுவதே இதன் நியாயம். வல்வெட்டித்துறையில் எம்மவர் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்று, வல்வை மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததைப் பலரும் அறிவர். அப்பெருங்கடலில் மாளிகை போன்ற நீராவிக் கப்பலொன்று எதிர்ப்பட்டிருப்பினும், விதிப்படி விலகவேண்டியது அம்மாளிகையே; எமது தண்டல் தன் வழியே சென்றிருக்கலாம். எனினும் இச்சலுகைக்கு எல்லையுண்டு. பாய் விரித்தபடி இயந்திரத்தையும் ஓட்டினால் அது இயந்திரக் கலமே. தூண்டிற் கயிற்றைப் பின்னே இழுத்துக்கொண்டு ஓடும் படகு, விதியின் கண்ணில் மீன்பிடிக்கும் கலமன்று. ஒடுங்கிய கால்வாயில் மீன்பிடி படகும், பாய்ப்படகும், 20 மீற்றரிலும் குறுகிய எக்கலமும், ஆழங்காரணமாக அக்கால்வாயைவிட்டு அகல முடியாத பெருங்கலத்துக்குத் தடையாக நிற்றல் கூடாது.

இவற்றையெல்லாம் மனனஞ்செய்த பின்னும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. “ஒதுங்கவேண்டியவன் அவன்” என்று அறிந்தவன், அவன் ஒதுங்காவிடில் யாது செய்வது? 1942 அக்டோபர் 2ஆம் நாள் அயர்லாந்தின் வடகரைக்கப்பால் நிகழ்ந்ததை இங்கே சொல்லவேண்டும். குயின் மேரி என்னும் பெருங்கப்பல் அமெரிக்கப் போர்வீரரை ஏற்றிக்கொண்டு, நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி வளைந்து வளைந்து விரைந்துகொண்டிருந்தது. அதன் நிறை ஏறக்குறைய 81,000 தொன். குராசோவா என்னும் சிறு போர்க்கப்பல், 4,200 தொன் அளவினது, அதற்குக் காவலாக முன்சென்றது. பெருங்கப்பல் விரைவு மிக்கதாதலால் பின்னிருந்து நெருங்கியது. முந்துகின்ற கலமே ஒதுங்கவேண்டுமென்று போர்க்கப்பலின் தலைவர் எண்ணினார். வளைந்து செல்வது தம் ஏற்கப்பட்ட செல்நெறி, காவற்கப்பலே தம்மைச் சுற்றி விலகிக்கொள்ளும் என்று பெருங்கப்பலிலுள்ளோர் எண்ணினர். அது பகற்பொழுது. ஒருவரையொருவர் நன்றாகக் கண்டுகொண்டே இருந்தனர். பெருங்கப்பல் சிறுகப்பலை நடுவே பிளந்து, நின்று பாராது சென்றது. நீர்மூழ்கி அபாயத்தால் நிற்கலாகாதென்பது அதற்கிட்ட கட்டளை. பிளவுண்ட கப்பல் சில நிமிடங்களில் ஆழ்ந்தது. 101 பேர் மீட்கப்பட்டனர். 330க்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் முடியும்வரை இச்செய்தி வெளியிடப்படவில்லை. பின்னர் வழக்கு நடந்தது. முதல் நீதிமன்றம் போர்க்கப்பலின் மேலேயே முழுப் பிழையையும் ஏற்றியது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறி, மூன்றில் இரு பங்கு போர்க்கப்பலுக்கும் ஒரு பங்கு குயின் மேரிக்கும் எனப் பிரிக்கப்பட்டது. 1949இல் பிரபுக்கள் சபையும் அதனை உறுதிசெய்தது. பங்கிட்ட கணக்கு மாண்டவர்க்கு என்ன பயன் தந்தது?

மாறாது செல்லும் கலத்துக்கு இன்றைய விதி மூன்று படிகளை வகுக்கிறது. முதலில் அது தன் நெறியில் நிலைத்திருக்கவேண்டும். மற்றது ஒதுங்கவில்லை என்று தெளிவானவுடன் தானே விலகலாம். மற்றது தனித்து விலகினும் மோதல் தவிராது என்னுமளவுக்கு நெருங்கிவிட்டாலோ, அது விலகியே தீரவேண்டும். முன்னர் உரிமை போலத் தோன்றியது ஈற்றிற் கட்டாயமாகிறது. மற்றவர் எண்ணம் விளங்காவிடில் ஊதலைக் குறுக ஐந்து முறைக்குக் குறையாது ஒலிக்கவேண்டும். ஒருமுறை ஒலித்தால் “யான் வலப்புறம் திரும்புகிறேன்” என்றும், இருமுறை “இடப்புறம்” என்றும், மும்முறை “இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்” என்றும் பொருள். ஐந்து முறையோ, “நீர் செய்வது எமக்கு விளங்கவில்லை” என்பதாம். இவ்வைந்து ஒலியை எழுப்பக் கூச்சப்பட்டு மாண்டோர் பலராவர் என்பது எமது கருத்து.

மூடுபனியிலோ கடுமழையிலோ கலங்கள் ஒன்றையொன்று கண்ணாற் காணாதபோது முன்சொன்ன வேற்றுமைகள் எல்லாம் அற்றுப்போகின்றன. அங்கே மாறாது செல்லும் கலம் என்று ஒன்றில்லை. யாவரும் வேகத்தைக் குறைத்து, ஒலி எழுப்பி, எச்சரிக்கையோடு செல்லக்கடவர். 1956 ஜூலை 25ஆம் நாள் இரவு, அமெரிக்கக் கரைக்கப்பால் நந்தக்கெற் தீவுக்கருகே, இத்தாலியக் கப்பலான அந்திரேயா டோரியாவும் சுவீடன் கப்பலான ஸ்டொக்கோமும் ரேடாரில் ஒன்றையொன்று முன்னரே கண்டிருந்தன. ஒன்று தாம் இடப்புறமாகக் கடப்போம் என்று கொண்டது. மற்றது வலப்புறமாகக் கடப்போம் என்று கொண்டது. இத்தாலியக் கப்பல் இடைவெளியைச் சற்றுப் பெருக்க எண்ணி 4 பாகை மட்டும் இடப்புறம் திரும்பியது. அத்துணைச் சிறு திருப்பம் மற்றவர் கண்ணுக்குப் புலப்படாது. பனி விலகிக் கண்ணாற் கண்டபோது ஒன்று கடிது வலப்புறமும் மற்றது கடிது இடப்புறமும் திரும்பின. அதாவது இரண்டும் ஒரே பக்கம் பாய்ந்தன. இத்தாலியக் கப்பலில் 46 பேரும் சுவீடன் கப்பலில் ஐவரும் மாண்டனர். திருப்பம் காலத்தோடு செய்யப்படவேண்டும், எதிராளிக்குத் தெளிவாகத் தெரியுமளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும், சிறுகச் சிறுகத் திரும்பலாகாது என்று இன்றைய விதி வற்புறுத்துவதன் பொருள் இங்கே விளங்கும்.

இவையெல்லாம் பெருங்கப்பல்களுக்கன்றோ, எமது பரவைக் கடலில் ஓடும் வள்ளங்களுக்கு என்ன என்று சிலர் வினவலாம். விதித்தொகுதி கடலோடும் எல்லாக் கலத்தையும் கட்டுகிறது. எமது தீவுகளுக்கிடையே நீர் ஆழங்குறைந்தது. களங்கண்டிக் கம்புகள் ஒருபுறம், மணற்றிட்டுகள் மறுபுறம். போகும் படகும் வரும் படகும் ஒரே ஒடுங்கிய வழியையே நாடவேண்டியுள்ளன. அத்தகைய வழியில் ஒவ்வொன்றும் தன் வலக்கரையை ஒட்டியே செல்லவேண்டும். வீதியில் இடப்புறமாகச் செல்லப் பழகிய எம்மவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆதலின் இருமுறை நினைவிற் கொள்ளுதல் நன்று. விளக்கைப் பொறுத்தவரை விதி ஏழைக்கும் இரங்கியிருக்கிறது. 7 மீற்றரிலும் குறுகியதும் மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓடமாட்டாததுமான இயந்திரப் படகு, எப்பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றையேனும் காட்டினாற் போதும். துடுப்பால் வலிக்கும் தோணியிலும், 7 மீற்றருக்குட்பட்ட பாய்ப்படகிலும் ஒரு மின்சூள் கைக்கெட்டிய இடத்தில் இருந்து, மோதலைத் தவிர்க்கக் காலத்தோடு காட்டப்பட்டாலும் அமையும். ஒரு மின்சூளின் விலைக்கு மேற்பட்ட செலவு இதில் இல்லை.

இவ்விதிகளுள் எமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது ஐந்தாம் விதியே. ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் தக்கவாறு கவனித்துக்கொண்டே செல்லவேண்டும் என்பதே அது. காணாதவனுக்கு மற்றைய விதிகளாற் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எமது தோழரோடு உட்கார்ந்து, தாளொன்றில் அன்றைய மாலையை வரைந்து பார்த்தோம். நெடுந்தீவுப் படகு எமது வலப்புறத்தில் வந்தது. ஆகவே ஒதுங்கவேண்டியது எமது படகே. காலத்தோடு வலப்புறம் திரும்பி அதன் பின்னாற் சென்றிருக்கவேண்டும். இறுதியில் இடப்புறம் திரும்பியது பிழைமேற் பிழை. இரு படகுகளிலும் விளக்கில்லை. மற்றப் படகு ஊதலொன்றும் எழுப்பவில்லை. ஈற்றிற் தானும் விலக முயலவில்லை. அதற்கும் ஒரு பங்குண்டு. தோழர் நெடுநேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, “எங்கள் ஓட்டி ஏன் அதை அவ்வளவு பிந்திக் கண்டார்?” என்று கேட்டார். அவருக்கு நினைவில்லை, எமக்கு நினைவிருந்தது. திருவிழாக் களிப்பில் மாணவர் பத்துப்பேர் வரையில், இருக்கச் சொல்லியும் கேளாது, அணியத்தின் வலப்பக்கத்திற் கூடி நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். சுக்கானருகே இருந்தவர்க்கு அப்பக்கம் தெரிந்திராது. அவரை மறைத்து நின்றவர்களுள் யாமும் அடங்குவோம்.